ஆடினால் மட்டும் போதுமா?

நம்ம டிபார்ட்மென்ட்டில் வெப்சைட் ப்ராஜெக்ட் என்றாலே ஒரு வழக்கம் இருக்கு. முதல் பக்கத்தில் நாலு படம் தானா மாறணும், மேலே எழுத்து ஓடணும், மவுஸ் போற இடமெல்லாம் ஏதாவது மின்னணும். அப்பத்தான் வைவாவில் மார்க் விழும் என்ற நம்பிக்கை! எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

அசைவது வேறு, பதில் சொல்வது வேறு. மளிகைக் கடையில் "அரைக் கிலோ சர்க்கரை" என்று கேட்டால், எடை போடும் முன்பே அண்ணாச்சி தலையை ஆட்டிவிடுவார். கேட்டது காதில் விழுந்தது என்று நமக்குத் தெரிந்துவிடும். வெப்சைட்டிலும் அந்தத் தலையாட்டல்தான் முக்கியம். ஜேக்கப் நீல்சன் 1993-ல் வந்த தம் புத்தகத்தில் இதற்குக் கணக்கே சொல்லியிருக்கிறார். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் நாமே கையால் செய்த மாதிரி இருக்கும். 1 நொடி வரை நினைப்பு அறுபடாது. 10 நொடி தாண்டினால் மனசு வேறு வேலைக்குப் போய்விடும். அமுக்கியதும் பட்டன் நிறம் மாற சி.எஸ்.எஸ்.ஸில் ரெண்டு வரி போதும். அதை எழுத நேரமில்லை. ஸ்லைடருக்கு மட்டும் ரெண்டு நாள்! ஒரு காலத்தில் ஃபிளாஷில் செய்த முகப்புப் படம் ஓடி முடிந்தால்தான் பல தளங்களில் உள்ளே போக முடியும். வந்தவர்கள் தேடியது அதைத் தாண்டிப் போகும் பட்டனைத்தான். அந்த ஃபிளாஷையே 2020 டிசம்பர் 31-ல் அடோபி கைவிட்டுவிட்டது.

என் அப்பா கொத்தனார். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். போன வருஷம் உதவித்தொகைக்காக ஒரு தளத்தில் விண்ணப்பித்தோம். அப்பா தன் செல்போனில் தானே ஆசையாக ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். கடைசியில் 'சமர்ப்பி', 'அழி' என்று ரெண்டு பட்டன். ரெண்டும் ஒட்டிக்கொண்டு, ஒரே வெளிர் சாம்பல் நிறத்தில். சிமென்ட்டில் காய்த்துப்போன கட்டைவிரல் எதில் பட்டதோ, அரை மணி நேர வேலை போயே போச்சு. "நமக்கு இதெல்லாம் வராதும்மா" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

அப்பாவுக்கு என்ன வராது? நூல் பிடித்துச் சுவர் எழுப்புகிறவர் அவர். தொட வேண்டிய இடம் சிறுசாக ஆக ஆக, குறிபார்த்துத் தொடுவது கஷ்டம் என்று பால் ஃபிட்ஸ் 1954-லேயே அளந்து காட்டிவிட்டார். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற அளவிலாவது வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது டபிள்யூ3சி வகுத்த விதி. விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. வடிவமைத்தவர்தான் அவரை நினைக்கவில்லை.

படம், எழுத்து, வெற்றிடம் மூன்றையும் அடுக்குவதும் இப்படித்தான். நம் ஊர்ச் சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாருங்கள். நடுவில் பெரிய முகம், அடுத்து பேர், அப்புறம் தேதி. ஓடும் பஸ்ஸிலிருந்தே விஷயம் புரிகிறது. கல்யாணப் பத்திரிகையோ நேர் எதிர். சொந்தக்காரர் பேர் அத்தனைக்கும் நடுவில் முகூர்த்த நேரத்தைத் தேடணும். நம்ம ப்ராஜெக்ட் பல பத்திரிகை ஜாதி!

தமிழில் செய்தால் இன்னொரு வேலையும் இருக்கு. 'சப்மிட்' என்ற ஆறெழுத்து ஆங்கில வார்த்தைக்கு அளந்த பட்டனில் 'விண்ணப்பத்தை அனுப்பு' அடங்காது. மேலே புள்ளி, கீழே சுழி உள்ள நம் எழுத்துக்கு வரிகளுக்கு நடுவே இடமும் கூடுதலாக விடணும்.

இந்த வருஷ ப்ராஜெக்ட்டை வைவாவுக்கு முன்னால் கேன்டீன் அக்காவிடம் கொடுங்கள். எதுவும் சொல்லித் தராமல், அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். மார்க்கை அப்புறம் பேசிக்கலாம்.