பற்றுச்சீட்டுகளைச் சேர்த்துப் படிப்பவர் யார்?

படுவான்கரையிலிருந்து தனியார் வைத்தியரைப் பார்க்க வரும் ஒருவர் வாவியைக் கடந்து மட்டக்களப்பு நகருக்கு வருகிறார். இலக்கம் எடுத்துக் காத்திருக்கிறார். சில நிமிடங்களில் பார்வை முடிகிறது. கட்டணம் அவருடைய கைக்காசு. மருந்துத் துண்டும் பற்றுச்சீட்டும் அவரோடேயே வீடு போய்விடுகின்றன. எழுதப்பட்ட பரிசோதனை தேவையானதுதானா என்பது அவருக்குத் தெரியாது. அன்று வந்த எல்லோருக்கும் அதே பரிசோதனை எழுதப்பட்டதா என்பது வெளியே யாருக்குமே தெரியாது.

கண்காணிக்கும் அமைப்புகள் இல்லாமலில்லை. வைத்தியர்களின் தொழில் ஒழுக்கத்தை இலங்கை மருத்துவ சபை விசாரிக்கிறது. தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவுசெய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒழுக்க விசாரணை பெரும்பாலும் முறைப்பாட்டிலிருந்தே தொடங்குகிறது. தேவையற்ற சிகிச்சை என்பதையே அறியாத நோயாளி எதை முறையிடுவார்?

நம்மவர்கள் பலர் வாழும் அவுஸ்திரேலியாவில் வேறொரு வழி உண்டு. அங்கே வைத்தியரின் கட்டணத்தில் பெரும்பகுதியை மெடிகேர் என்ற அரச காப்புறுதி கொடுக்கிறது. பணம் கொடுப்பவரிடமே கணக்கும் சேர்கிறது. ஒரு பொது வைத்தியர் நாளொன்றுக்கு 80 அல்லது அதற்கு மேற்பட்ட நோயாளர் பார்வைகளுக்கு, ஓராண்டில் 20 நாட்களாவது பணம் கோரினால், யாரும் முறையிடாமலே கேள்வி எழும். 1994இல் உருவான மீளாய்வு முறையின்படி, அவரது நடைமுறை ஏற்கத்தக்கதா என்பதைச் சக வைத்தியர்களின் குழு ஆராய்கிறது. தவறென முடிவானால் கண்டிப்பு, பணத்தைத் திருப்பிச் செலுத்துதல், மெடிகேரிலிருந்து தற்காலிகமாக விலக்குதல் ஆகியவை வரலாம்.

இம்முறை கடுமையானது என்று அங்குள்ள வைத்தியர்கள் சிலரே விமர்சிக்கிறார்கள். எண்ணிக்கை மட்டும் குற்றத்தை நிரூபிக்காது என்பதும் உண்மை. வேறு வைத்தியர் இல்லாத ஊரில் ஒருவரே எல்லோரையும் பார்க்க நேரிடும். அத்தகைய விசேட சூழ்நிலைகளை அந்தச் சட்டமும் கருத்தில் எடுக்கிறது. படுவான்கரை போன்ற பகுதிகளுக்கு இந்த விலக்கு மிக அவசியம்.

இலங்கையில் எல்லோருக்குமான காப்புறுதி இல்லை. ஆனால் அரச ஊழியர்களுக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் இத்திட்டத்துக்கு ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் தாதியரும் சம்பளத்திலிருந்து சந்தா கட்டுகிறார்கள். அவர்களுடைய மருத்துவப் பற்றுச்சீட்டுகள் ஒரே இடத்துக்குப் போகின்றன. அவற்றை வைத்தியர் வாரியாகவும் வைத்தியசாலை வாரியாகவும் தொகுத்து, வழமைக்கு மாறானவற்றைச் சக வைத்தியர்களின் குழுவுக்கு அனுப்பி, பெயர் குறிப்பிடாமலாவது முடிவுகளை ஆண்டுதோறும் வெளியிடலாம்.

வாவியைக் கடந்து வரும் விவசாயிக்கு அக்ரஹார இல்லை. ஆனால் அவரும் ஆசிரியரும் காத்திருப்பது அதே வைத்தியரின் வாசலில்தான். ஆசிரியரின் பற்றுச்சீட்டை ஒருவர் கவனமாகப் படித்தால், அதன் பயன் விவசாயிக்கும் சேரும்.