மந்திரி செய்தாற் குற்றம். பாராளுமன்றம் செய்தாற் சட்டமா?

டென்மார்க் தேசத்தின் கதையைத் தமிழ் மக்கள் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். ஏறக்குறைய அறுபது இலட்சம் மக்களே வாழும் சிறிய நாடு அது. ஆயினும், தமிழ் அகதிகளுக்கு இழைத்த அநீதிக்காக ஒரு பிரதம மந்திரி பதவி துறந்ததும், ஒரு நீதி மந்திரி குற்றவாளிக் கூண்டில் ஏறியதும் அந்த நாட்டிலேதான். அதே நாடுதான் பின்னர், அன்று குற்றமென்று தீர்ப்பளிக்கப்பட்ட செயலைச் சட்டப் புத்தகத்திலே எழுதிவைத்து, ஐரோப்பாவுக்கே அதைப் பாடமாகப் போதிக்கப் புறப்பட்டது. இந்த வீழ்ச்சி எங்ஙனம் நேர்ந்தது என்பதையும், அதனை நியாயப்படுத்துவோர் கூறும் வாதம் எத்துணைப் போலியானது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழர் வழக்கு

1983 யூலைக் கொடுமைகளின் பின் உயிர் தப்பி ஓடிய நம்மவருள் ஒரு பகுதியினர் டென்மார்க்கை அடைந்தனர். அதே 1983ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றிய அந்நியர் சட்டம், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவனுடைய மனைவியும் பிள்ளைகளும் அவனிடம் வந்து சேர்வதற்கு உரிமை வழங்கியிருந்தது. உரிமை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அது மந்திரியின் கருணையன்று, அதிகாரியின் தயவுமன்று.

1987இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கையெழுத்தாகிய சில வாரங்களுக்குள், நீதி மந்திரி எரிக் நின்-ஹான்சன், தமிழருடைய குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கவனியாது விடும்படி தம் அதிகாரிகளைப் பணித்தார். இலங்கையில் அமைதி பிறந்துவிட்டதாம்; வந்தவர்கள் விரைவிலே திரும்பிவிடுவார்களாம்; அவ்வாறாயின் குடும்பங்களை அழைப்பது எதற்கு என்பது அவர் போட்ட கணக்கு. அந்த அமைதியின் இலட்சணத்தை அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் கண்டது. ஷெல் மழைக்கு நடுவே மனைவியரும் மக்களும் காத்திருந்தனர். கொப்பன்கேகனில் அவர்களுடைய கோவைகள் அலுமாரியிற் காத்திருந்தன. சட்டம் மாற்றப்படவில்லை. பாராளுமன்றத்தின் அனுமதி கேட்கப்படவில்லை. விண்ணப்பத்தை நிராகரித்தாலன்றோ ஒருவன் மேன்முறையீடு செய்யலாம்? ஏற்காமலும் மறுக்காமலும் கிடப்பிலே போட்டுவிட்டால் அவன் எந்தக் கதவைத் தட்டுவது?

1989 ஏப்ரலில் பிரதம மந்திரி போல் ஷ்லூட்டர் சபையில் எழுந்து, கம்பளத்தின் கீழே எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்று உறுதி கூறினார். உயர் நீதிமன்ற நீதியரசர் மொகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் அந்தக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார். ஏறக்குறைய ஆறாயிரம் பக்கங்கள் கொண்ட அவருடைய அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் ஆண்ட ஷ்லூட்டர் பதவியை விட்டு இறங்கினார். மந்திரிமாரை விசாரிப்பதற்கென்றே அமைந்த இராச்சிய நீதிமன்றம், 1910ஆம் ஆண்டுக்குப் பின் முதன்முறையாகக் கூட்டப்பட்டு, 1995 யூனில் நின்-ஹான்சனைக் குற்றவாளியெனக் கண்டது. நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

தண்டனை சிறிது, தத்துவம் பெரிது. வாக்குமற்று, பாஷையுமறியாது, வேற்று நிறத்தவராய் வந்து நின்ற மக்களுக்காக ஒரு தேசம் தன் சொந்த மந்திரியை விசாரித்துத் தண்டித்தது. சட்டம் பயின்ற எவனும் அந்தத் தீர்ப்பின் முன் தலைவணங்குவான்.

பிச்சைச் சம்பளமும் உரிமைப் பணமும்

அந்தத் தீர்ப்பு ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று. அதற்கு ஒரு மரபு இருந்தது. டென்மார்க்கின் பழைய சட்டத்தின் கீழ், வறியோர் நிதியிலிருந்து உதவி பெற்றவன் தன் வாக்குரிமையை இழந்தான். நம் நாட்டிலே முன்னர் பிச்சைச் சம்பளம் என்று சொல்லப்பட்டதே, அதனினும் கொடிய ஏற்பாடு அது. வயிற்றுக்கு உணவு வேண்டுமாயின் குடியுரிமையை அடகு வைக்க வேண்டும்.

1933 ஜனவரி 30ஆம் நாள். பேர்லினில் ஹிற்லர் ஆட்சிப் பீடம் ஏறிய அதே நாளில், கொப்பன்கேகனில் பிரதம மந்திரி ஸ்டவுனிங் மற்றைய கட்சிகளுடன் ஓர் உடன்பாடு செய்தார். அதன் பயனாக ஸ்டைன்கே என்னும் சட்ட அறிஞர் வகுத்த சமூகச் சீர்திருத்தச் சட்டங்கள் நிறைவேறின. சட்டம் விதித்த நிபந்தனைக்குள் அடங்கும் எவனும் அதிகாரியின் முகம் பார்த்து நிற்காது உரிமையாக உதவி பெறலாம் என்பதே அவற்றின் அடிப்படை. டென்மார்க்கின் பொதுநல அரசு இந்த ஒரு கல்லின்மேல் எழுந்தது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையை உலகில் முதன்முதலாக அங்கீகரித்து உறுதிப்படுத்திய நாடும் டென்மார்க்கே. 1952 டிசெம்பரில் அது நிகழ்ந்தது. வறியவனுக்கு உரிமை, அகதிக்கு உரிமை என்னும் இரண்டும் ஒரே கொள்கையின் இரு கிளைகள்.

ஒரே நாட்டில் இரண்டு தராசு

நின்-ஹான்சன் தண்டிக்கப்பட்ட அதே 1995ஆம் ஆண்டில், பியா கியார்ஸ்கோர் அம்மையாரின் தலைமையிலே டேனிஷ் மக்கள் கட்சி தோன்றிற்று. 2001ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் அந்தக் கட்சியின் ஆதரவிலேயே அரசாங்கம் நின்றது. ஆதரவுக்கு விலை உண்டன்றோ? 2002இல் விலை கொடுக்கப்பட்டது.

ஆரம்ப உதவி என்ற அழகிய பெயரிலே புதிய உதவிப் பணம் ஒன்று வந்தது. அது வழக்கமான உதவியிலும் மூன்றிலொரு பங்கு முதல் அரைவாசி வரை குறைந்தது. கடந்த எட்டு ஆண்டுகளில் ஏழாண்டு நாட்டில் வாழாதவன் எவனுக்கும் இதுவே என்றது சட்டம். அகதி என்ற சொல்லே அதில் இல்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பும் டேனியனுக்கும் இது பொருந்துமே என்று சமாதானம் கூறினர். சட்டத்தரணிகளுக்கு இந்த வித்தை புதிதன்று. சொல் எல்லோருக்கும் பொது. அடி விழுவது ஒருவன் முதுகில். நேற்று வந்த அகதி ஏழாண்டு வாழ்ந்திருக்க முடியாது என்பது சட்டம் வரைந்தவனுக்குத் தெரியாதா?

2012இல் இது நீக்கப்பட்டது. 2015 செப்டெம்பரில் வேறு பெயருடன் மீண்டும் வந்தது. அந்த மாதமே குடிவரவு மந்திரி இங்கர் ஸ்டொய்பெர்க், லெபனான் நாட்டுப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்வித்தார். விளம்பரத்தின் பொருள் யாது? எங்கள் நாட்டில் அகதிக்குரிய உதவியை அரைவாசி வரை வெட்டிவிட்டோம், வராதீர்கள் என்பதே! கடைக்காரன் தன் சரக்கு நல்லதென்று விளம்பரம் செய்வதைக் கண்டிருக்கின்றோம். தன் அறம் வற்றிவிட்டதென்று ஓர் அரசாங்கம் காசு கொடுத்து விளம்பரம் செய்ததை அன்றுதான் கண்டோம்.

குற்றம் சட்டமாகிய விதம்

2016ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. ஒன்று, அகதியின் பொதிகளைச் சோதித்து, பத்தாயிரம் குரோனருக்கு மேற்பட்ட பணத்தையும் பெறுமதியான பொருள்களையும் பறிக்கப் பொலிசாருக்கு அதிகாரம் வழங்கிற்று. கலியாண மோதிரத்துக்கு விலக்கு உண்டாம். உதவி கேட்கும் டேனியனும் தன் சேமிப்பை முதலிற் செலவிட வேண்டுமே, இதில் வேற்றுமை என்ன என்று கேட்டனர். டேனியனிடம் விண்ணப்பப் பத்திரத்திலே கேட்கின்றீர்கள். அகதியின் பையைப் பொலிசார் கொட்டிப் பார்க்கின்றனர். வேற்றுமை இதுவே.

மற்றையதே கொடியது. தற்காலிகப் பாதுகாப்புப் பெற்ற அகதி, தன் மனைவி மக்களை அழைக்க மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமென்று அச்சட்டம் விதித்தது. வாசகர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். நின்-ஹான்சன் செய்தது என்ன? அகதியின் குடும்பம் வந்து சேர்வதைத் தாமதித்தார். அதற்காகத் தண்டனை பெற்றார். 2016இல் பாராளுமன்றம் செய்தது என்ன? அகதியின் குடும்பம் வந்து சேர்வதைத் தாமதித்தது. அதற்காகக் கைதட்டல் பெற்றது! மந்திரி இரகசியமாகச் செய்தாற் குற்றம். சபை பகிரங்கமாகச் செய்தாற் சட்டம். காத்திருக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் இவ்விரண்டிடையே என்ன வேறுபாடு?

மூன்றாண்டு விதி மனித உரிமை உடன்படிக்கைக்கு முரணானது என்று, ஒரு சிரிய மருத்துவரின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 யூலையில் தீர்ப்பளித்தது. டென்மார்க் அதன்பின் மூன்றை இரண்டாக்கிற்று. அநீதியை நீக்கவில்லை, அளவைக் குறைத்தது.

விளம்பரம் செய்த மந்திரியின் கதையும் விநோதமானது. 2016இல், தஞ்சம் கோரி வந்த தம்பதியருள் ஒருவர் பதினெட்டு வயது நிரம்பாதவராயின், தனித்தனியே விசாரியாது எல்லோரையும் பிரிக்கும்படி அவர் பணித்தார். இளம்பெண்களைக் காப்பதே நோக்கம் என்றார். அந்த நோக்கம் நல்லதே. ஆயின் ஒவ்வொருவரையும் விசாரித்தறிந்து செய்ய வேண்டியதை, விசாரணையின்றி ஒரே வெட்டாக வெட்டுவது சட்டமாகாது. 2021 டிசெம்பரில் இராச்சிய நீதிமன்றம், 26 நீதிபதிகளுள் 25 பேரின் முடிவுப்படி, அவருக்கு அறுபது நாட் சிறை விதித்தது. 1910க்குப் பின் அந்த மன்று இருமுறையே கூடிற்று. இரண்டு முறையும் குற்றம் ஒன்றே: அகதியின் குடும்பத்திலே சட்டவிரோதமாகக் கைவைத்தது. ஆனால் 1995இல் தீர்ப்பு ஒரு தேசத்தை வெட்கப்படுத்திற்று. 2021இன் தீர்ப்புக்குப் பின், தண்டனை பெற்றவர் புதுக்கட்சி தொடங்கி 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று சபைக்குத் திரும்பினார். வீழ்ச்சியை அளப்பதற்கு இதனினும் வேறு அளவுகோல் வேண்டுமா?

எதிர்வாதமும் விடையும்

பொதுநல அரசு ஒரு வேலியிட்ட தோட்டம். வேலியில்லையேல் தோட்டமில்லை என்பர் எதிர்த்தரப்பார். வலதுசாரிகள் மாத்திரமல்லர், ஸ்டவுனிங்கின் வாரிசுகளாகிய சமூக ஜனநாயகக் கட்சியினரும் இதனையே கூறலாயினர். அக்கட்சியின் தலைவியாய் 2019இற் பிரதம மந்திரியான மெற்ற பிரெடரிக்சன், தஞ்சம் கோருவோர் தொகையைப் பூச்சியமாக்குவதே இலட்சியம் என்று 2021இற் சொன்னார்.

எல்லையைக் காக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. அதை யாம் மறுக்கவில்லை. 2015இல் ஏறக்குறைய 21,000 பேர் தஞ்சம் கோரியது சிறிய நாட்டுக்குச் சுமையே, அதையும் மறுக்கவில்லை. யாம் கேட்பது வேறு. வாசலைத் திறந்து உள்ளே விட்ட மனிதனுக்கு, அடுத்த வீட்டுக்காரனுக்குரிய அதே சட்டம் உண்டா, இல்லையா? இல்லையெனில் நீங்கள் காப்பது பொதுநல அரசையா, அல்லது பிறப்பால் உரிமை பெற்றவரின் சொத்தையா?

பயனைக் கொண்டு பார்த்தாலும் இவர்கள் வாதம் நில்லாது. ஆரம்ப உதவியின் விளைவை டென்மார்க்கின் ரொக்வூல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டனர். பணத்தைக் குறைத்ததும் சிலர் விரைந்து வேலைக்குச் சென்றது உண்மை. ஆனால் அந்தப் பயன் நாளடைவில் மறைந்துபோயிற்று. எஞ்சியது என்ன? கடைகளிலே களவு கூடிற்று, பெண்களிடையேயும் கூடிற்று. பிள்ளைகளின் கல்வி குன்றிற்று. பட்டினி போட்டுப் பண்பாடு கற்பிக்க முடியாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

வீடமைப்பிலும் இதே கதைதான். 2018ஆம் ஆண்டின் சட்டப்படி, வேலையின்மை, குற்றம், கல்விக் குறைவு, வருமானக் குறைவு என்பவற்றால் நலிந்த ஒரு குடியிருப்பு, நலிந்த பகுதி என்றே பெயர் பெறும். அங்கு வாழ்வோரிற் பாதிக்கு மேற்பட்டோர் ‘மேற்கத்தையர் அல்லாதார்’ ஆயின் அதன் பெயர் 2021 வரை ‘கெட்டோ’ என்றிருந்தது. அந்த நிலை வருடக்கணக்கில் நீடித்தால் வீடுகள் விற்கப்படும் அல்லது இடிக்கப்படும், குடியிருப்போர் எழுப்பப்படுவர். வறுமை ஒன்றே, குற்றம் ஒன்றே. வேறுபடுவது இரத்தம் ஒன்றே! டென்மார்க்கிலே பிறந்த பிள்ளையும் பெற்றோர் வந்த நாட்டைக் கொண்டே எண்ணப்படுகின்றது. இது இனவழியை நேரடியாகக் கொண்ட பாரபட்சம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் சட்ட ஆலோசகர் தமாரா சாபெற்றா 2025 பெப்ரவரியில் கருத்துரைத்தார்.

நமக்கொரு வார்த்தை

யூட்லாண்டின் ஹேர்னிங் முதலிய ஊர்களில் நம்மவர் வேலை செய்து, வரி செலுத்தி, ஆலயம் எழுப்பி, பிள்ளைகளைப் படிப்பித்து வாழ்கின்றனர். அவர்களுட் சிலர், நாம் நல்ல அகதிகள். இந்தச் சட்டமெல்லாம் சிரியனுக்கும் சோமாலியனுக்கும் உரியது என்று எண்ணுவதுண்டு. ஐயா, அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மேற்கத்தையர் அல்லாதார் என்ற தலைப்பின் கீழ் இலங்கையும் இருக்கின்றது. 1987இல் மந்திரியின் அலுமாரியிற் கிடந்த கோவைகள் சிரியருடையவையல்ல, நம்முடையவை.

நோய் டென்மார்க்கோடு நிற்கவுமில்லை. 2025 நவம்பரில் பிரித்தானிய அரசாங்கம் டென்மார்க்கை முன்மாதிரியாகக் கொண்டு அகதிச் சட்ட மாற்றங்களை அறிவித்தது. லண்டனில் வாழும் எத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கு இது வீட்டு விஷயம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சட்டத்தை மீறிய மந்திரியைத் தண்டிக்க நீதிமன்றம் உண்டு. நீதியை மீறும் சட்டத்தைத் தண்டிக்க மக்கள் மனச்சாட்சியன்றி வேறு மன்றில்லை. அந்த மனச்சாட்சியின் முன் சாட்சி சொல்லும் தகுதி தமிழனுக்கு உண்டு. ஏனெனில் அந்நாட்டின் நீதி உச்சத்தில் நின்ற நாளில், அதன் நிழலில் நின்றவன் அவனே. சிரியத் தாய்க்காக அவன் இன்று வாய் திறவானாயின், நாளை அவனுக்காக வாய் திறக்க எவர் இருப்பர்?