வேலூர் ஏர்போர்ட் யாருக்கு?

ரமணாசிரமம் வாசலில், செங்கம் ரோட்டில், விடிகாலையில் சென்னை ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸிகள் வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் திருவண்ணாமலையில் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்: "பக்கத்துல வேலூர்லயே ஏர்போர்ட் இருக்கு சார், திறந்துட்டா போதும்!"

இருக்கிறதுதான். அப்துல்லாபுரத்தில், 1934-லிருந்து. வெள்ளைக்காரன் காலத்து ஓடுதளம். சுதந்திரத்துக்குப் பிறகு ஊர் வளர்ந்தது, அது வளரவில்லை. பல வருடம் சும்மா கிடந்ததை 2016-ல் அறிவித்த உடான் திட்டத்தில் சேர்த்து, டெர்மினல், ஓடுதளம் என்று கோடிக்கணக்கில் கொட்டினார்கள். 2024 முடிகிறவரை ஒரு உடான் விமானம்கூட அங்கிருந்து கிளம்பவில்லை.

சரி, கிளம்பினால்தான் என்ன? அந்த ஓடுதளத்துக்குப் போட்ட திட்டமே 19, 20 பேர் உட்காரும் குட்டி விமானத்துக்குத்தான். சிஎம்சிக்கு வருகிற கல்கத்தா நோயாளிகளுக்கு வசதி என்கிறார்கள். அந்த விமானம் கல்கத்தாவுக்கு நேராகப் போகுமா? சென்னைக்கோ பெங்களூருக்கோ ஒரு தாவல், அவ்வளவுதான். விமானத்துக்கு முன்கூட்டியே போய்க் காத்திருக்கிற நேரத்தில் கார் பாதி வழி போயிருக்கும். நோயாளிகளோ ஹவுராவில் ஏறி நேராகக் காட்பாடியில் இறங்குகிறார்கள்!

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உடானில் டிக்கெட்டின் குறைந்த விலைக்கு மூன்று வருடம் அரசு மானியம் தரும். அதற்கப்புறம்? 2023-ல் வந்த சிஏஜி அறிக்கையைப் பாருங்கள். ஒதுக்கிய 774 தடங்களில் பறந்தவை 371. மூன்று வருடம் தாக்குப்பிடித்தவை 112. மானியம் நின்ற பிறகும் ஓடியவை, 2023 மார்ச் நிலவரப்படி, வெறும் 54. பெரிய ஓடுதளம் உள்ள சேலத்திலேயே 2009-ல் கிங்ஃபிஷர் வந்து போனது, 2018-ல் ட்ரூஜெட் வந்து போனது, 2023-ல் மறுபடி முதலிலிருந்து. வேலூர் எம்மாத்திரம்?

பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற லட்சக்கணக்கான ஜனம் எதில் வருகிறது? பஸ்ஸில், பல பேர் நின்றுகொண்டே. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு சுமார் 70 கிலோமீட்டர் ரயில் பாதை 2006-07 பட்ஜெட்டில் அனுமதித்தது. அதில் இன்னும் ரயில் ஓடவில்லை. அதைக் கேட்க ஆளில்லை, ஏர்போர்ட் கேட்க மட்டும் வரிசை! 2024 மே மாதம் சென்னை கடற்கரை–வேலூர் ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்களே, அதற்கு எந்த டெர்மினல் கட்டினார்கள்? இருந்த தண்டவாளத்திலேயே ஓட்டிவிட்டார்கள்.