பல்கலைக் கழகத்தின் தலைவாயில்

ஒரு பல்கலைக் கழகத்தின் பெருமையை எதனைக்கொண்டு அளப்பது? ஓங்கிய மாடங்களும் பரந்த விளையாட்டு வெளியும் காண்பார் கண்ணைக் கவரும். ஆயினும், அறிவு வேட்கையுடைய இளைஞரை நெடுந்தொலைவிலிருந்து ஈர்க்கும் ஆற்றல் நல்லாசிரியர்க்கும் நூலகத்திற்குமே உண்டு.

பழைய நாலந்தா இதற்குச் சான்று பகரும். அங்கே மூன்று பெரிய நூலகக் கட்டடங்கள் இருந்தன என்பது திபெத்திய மரபு. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் பாலையும் பனிமலையும் கடந்து சீன நாட்டு யுவான் சுவாங் அங்கு வந்தார். அவருக்குப் பின் கடல்வழியே இத்சிங் வந்தார். ஆசிரியரை நாடிய அவ்விருவரும் நூல்களையும் நாடினர். இந்நாட்டில் திரட்டிய 657 நூல்களுடன் யுவான் சுவாங் 645-ஆம் ஆண்டில் தாயகம் மீண்டார். இத்சிங் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நாலந்தாவில் தங்கிப் பயின்றார்.

நூல்கள் நிறைந்திருத்தல் மட்டும் போதாது. கதவும் திறந்திருத்தல் வேண்டும். இவ்வுண்மையை இருபதாம் நூற்றாண்டில் செயலிற் காட்டியவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். கணிதம் கற்பித்துவந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகராகப் பொறுப்பேற்றார். இங்கிலாந்து சென்று நூலகக் கலை பயின்று திரும்பினார். படிப்போர் நூலடுக்குகளிடையே தாமே சென்று வேண்டியதை எடுத்துப் பார்க்க வழிசெய்தார்; நூலகம் திறந்திருக்கும் நேரத்தையும் நீட்டினார். நூல்கள் பயன்படுவதற்கே என்பது, 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது.

அவ்விதி பல்கலைக் கழக மதிலுக்கு அப்பாலும் செல்லுதல் வேண்டும். பள்ளி மாணவர் பலருக்குப் பல்கலைக் கழகம் என்பது வெறும் பெயரே. கல்லூரி கண்டவர் ஒருவரும் இல்லாத குடும்பத்துப் பெண், அதன் வாயிலை மிதிக்கவும் அஞ்சுவாள். திங்கள்தோறும் சில நாளேனும் நூலகம் அத்தகையோரை வரவேற்கலாம். வானநூலாயினும் வரலாறாயினும், விரும்பியதை எடுத்துக் காட்ட நூலகர் ஒருவர் துணை நிற்கலாம். அங்கு ஒருநாள் அமர்ந்து படித்தவள், அவ்விடம் தனக்கும் உரியது என உணர்வாள். அவ்வுணர்வை எவ்விளம்பரமும் தாராது.

நூல்கள் பழுதுபடும், ஆராய்வோரின் அமைதி குலையும் என்பர் சிலர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும், தனி அறையும் தனி நேரமும் வகுத்து, நூலைப் பேணும் முறையையும் கற்பித்தால் அக்குறை நீங்கும். தாள் கசங்காதிருத்தலினும் அறிவு வளர்தலன்றோ பெரிது?

கோட்டைக்கு வாயில் காவலுக்காக அமைந்தது. கல்விக்கோயிலின் வாயிலோ அழைப்பதற்காக அமைந்தது. நூலகம் அவ்வாயிலாகத் திறந்து நிற்குமாயின், கற்க விழைவோர் தாமே வந்து சேர்வர்.