மறைத்து வைத்த துப்பாக்கி

யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தெரியாவிட்டால் திருடன் எல்லோருக்கும் பயப்படுவான். அமெரிக்காவில் துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமைக்குச் சொல்லப்படும் நியாயம் இதுதான்.

1987ல் ஃபுளோரிடா, தகுதியுள்ளவருக்கு லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இதனால் குற்றம் குறைந்ததென்று 1990களில் பொருளாதார நிபுணர் ஜான் லாட் புள்ளிவிவரங்களை அடுக்கினார். ஆனால், லைசென்ஸ் தருவதில் கெடுபிடி காட்டிய நியூயார்க்கிலும் அதே காலத்தில் குற்றங்கள் சரிந்தன.

2004ல் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில், கூடியது என்றோ குறைந்தது என்றோ சொல்ல ஆதாரம் போதாது என்றது. 2019ல் ஜான் டோனஹ்யூ குழுவின் கணக்கு வேறு: சட்டம் வந்து பத்தாண்டுகளில் வன்முறைக் குற்றங்கள், சட்டம் வராதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 13 முதல் 15 சதவீதம் அதிகம். பயந்த திருடன் தொழிலை விட்டுவிடுவான் என்பதற்கு உத்தரவாதமில்லை. தானும் ஆயுதத்தோடு வரலாம். காரில் வைத்த துப்பாக்கி களவுபோய் அவன் கைக்கே சேரலாம்.

2022ல் உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் கெடுபிடியை ரத்து செய்தது. சட்டத்தால் விளையும் நன்மை தீமை அல்ல, வரலாற்று மரபே உரைகல் என்றது தீர்ப்பு. திருடன் பயப்படுகிறானா என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் இனி வேலையில்லை. தெருவில் நடப்பவருக்கோ அந்தக் கேள்விதான் முக்கியம்.