நேரமின்மை என்னும் சாக்கு

கம்பளையிலிருந்து கண்டிக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குச் செல்பவருக்கு உடற்பயிற்சிக்கு நேரமில்லை என்னும் வாதம், பயிற்சியை ஒரே மூச்சில் செய்து முடிக்க வேண்டும் என்ற பழைய கணக்கை நம்பியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமோ, குறைந்தது 10 நிமிடம் தொடர வேண்டும் என்ற 2010ஆம் ஆண்டு நிபந்தனையை 2020இல் கைவிட்டு, மிதமான உடலுழைப்பு, அதாவது சற்றே மூச்சு வாங்கும் அளவிலான இயக்கம், வாரத்தில் 150 நிமிடமாவது சேர வேண்டும் என்று கூறுகிறது. ஆகவே ஒரு தரிப்பிடம் முன்னதாக இறங்கி நடப்பதும் கணக்கில் சேரும். சமைக்க நேரமில்லை என்பதும் அவ்வளவு வலுவான வாதமன்று: வல்லாரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிக்காய்ப்புளி சேர்த்துச் சம்பலாகப் பிசைவதற்கு, கடையில் ரோல்ஸ் வாங்க நிற்கும் நேரமே போதும். ஆனால் நாள் முழுதும் மலைச்சரிவில் கொழுந்து பறித்து, கோதுமை மா ரொட்டியாலும் சீனித் தேநீராலும் பசியாறும் தோட்டத் தொழிலாளரிடம் இந்த அறிவுரையைக் கொண்டுபோவது அபத்தம். அவருக்குத் தேவைப்படுவது சத்துள்ள உணவை வாங்கப் போதுமான கூலியே.