நல்ல டியூஷன் வாத்தியார் எங்கே கிடைப்பார்?

ஜூன் மாதம் பிறந்தால் போதும். தெருவுக்குத் தெரு அட்டைகள் தொங்கும். விளக்குக் கம்பத்தில் ஒன்று. மளிகைக் கடை வாசலில் ஒன்று. மதில் சுவரில் ஒன்று.

"கணக்கு, பௌதிகம், ரசாயனம்! நூற்றுக்கு நூறு நிச்சயம்!"

அட்டையைப் படித்துவிட்டு ஒரு தாய் வீட்டுக்கு வருகிறாள். இரவு சாப்பாடு முடிந்ததும் கணவனிடம் பேச்சை எடுக்கிறாள்.

"ஏங்க, பாப்பா பத்தாவது வந்துட்டா. போன வருஷமே கணக்குல 41 மார்க்குதான். டியூஷன்ல சேர்த்துடலாமா?"

"சேர்க்கலாம். எவ்வளவு கேட்கிறாங்க?"

"அடுத்த தெருவுல மாசம் 800 ரூபாயாம். பஸ் ஸ்டாண்டுகிட்ட 2,000 ரூபாயாம்."

"அப்போ 2,000 ரூபாய் வாங்குறவர்தான் நல்லாச் சொல்லிக் கொடுப்பாரோ?"

மனைவியிடம் பதில் இல்லை. எத்தனையோ வீடுகளில் இந்தப் பேச்சு இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. தெரிந்தவர் யாரோ சொன்னார் என்று ஏதோ ஓர் இடத்தில் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். நகையை அடகு வைத்துச் சேர்ப்பவர்களும் உண்டு. வருடக் கடைசியில் மார்க்கு வரும்போதுதான் உண்மை தெரிகிறது.

100-க்கு 27 பேர்

டியூஷன் இன்று பெரிய செலவாகிவிட்டது. மத்திய அரசாங்கம் 2025-ம் ஆண்டில் நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளில் 100-க்கு 27 பேர் டியூஷன் படிக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. நகரங்களில் 100-க்கு 30 பேருக்கு மேல். கிராமங்களும் குறைந்தவை அல்ல. அங்கே 25 பேருக்கு மேல்!

வகுப்பு ஏற ஏறச் செலவும் ஏறுகிறது. மேல்நிலை வகுப்புப் பிள்ளைக்கு டியூஷன் செலவு நகரத்தில் சராசரியாக வருடத்துக்கு 9,950 ரூபாய். கிராமத்தில் 4,548 ரூபாய். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா?

ஏன் கணக்கும் விஞ்ஞானமும்?

டியூஷன் என்றாலே முதலில் நிற்பது கணக்கு. அடுத்து விஞ்ஞானம். இதற்குக் காரணம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் என்ஜினீயர் படிப்புக்குப் பிள்ளைகளை 200 மார்க்கு வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் கணக்குக்கு மட்டும் 100. பௌதிகத்துக்கு 50. ரசாயனத்துக்கு 50. மற்றப் பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் இந்த 200-ல் சேராது.

டாக்டர் படிப்புக்கு, 2017 முதல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் நீட் பரீட்சை எழுதவேண்டும். அதில் 180 கேள்விகள். பௌதிகத்தில் 45, ரசாயனத்தில் 45, உயிரியலில் 90. சரியான விடைக்கு 4 மார்க்கு. தவறான விடைக்கு ஒரு மார்க்கைப் பிடுங்கிக்கொள்ளுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கணக்கு ஒரு மாடிப்படி. சரித்திரத்தில் ஒரு பாடம் விட்டுப் போனால் அடுத்த பாடத்தைப் படித்துக்கொள்ளலாம். கணக்கில் அது நடக்காது. ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு புரியாத பிள்ளை, எட்டாம் வகுப்பில் தடுமாறும். பத்தாம் வகுப்பில் விழும். "பத்தாம் வகுப்புக் கணக்கு வரவில்லை" என்று தாய் நினைக்கிறாள். உடைந்த படியோ ஐந்தாம் வகுப்பில் இருக்கிறது! அந்தப் படியைத் தேடிப் பிடிப்பதுதான் டியூஷன் வாத்தியாரின் முதல் வேலை.

ராமானுஜனையே நிறுத்திய மாணவர்!

அப்படியானால் பெரிய படிப்பாளியாகப் பார்த்துச் சேர்த்துவிட்டால் போதுமா?

கணித மேதை ராமானுஜனை விடப் பெரிய கணக்குப் புலி யார்? அவர் இளம் வயதில் கும்பகோணத்தில் வறுமையில் வாடினார். டியூஷன் சொல்லிக் கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கப் பார்த்தார். பி.ஏ. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒருவர் அவரிடம் கணக்குக் கற்றுக்கொள்ள வந்தார்.

ராமானுஜன் என்ன செய்தார்? எல்லையே இல்லாத பெரிய எண்களைப் பற்றியும், எண்ண முடியாத சிறிய அளவுகளைப் பற்றியும் ஆனந்தமாகப் பேசிக்கொண்டே இருந்தார். மாணவருக்கு வேண்டியது பரீட்சைப் பாடம். இது உதவாது என்று அவர் கருதினார். இரண்டே வாரத்தில் டியூஷனை நிறுத்திவிட்டார்!

இதே ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் மார்க்கு இல்லாமல் கல்லூரிப் பரீட்சையில் தோற்றவர். பின்னர் 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. சான்றிதழை மட்டும் பார்த்திருந்தால் அவருடைய அறிவு தெரிந்திருக்காது. அறிவை மட்டும் பார்த்துப் பிள்ளையை ஒப்படைத்தாலோ, அந்தப் பி.ஏ. மாணவரின் கதிதான்!

ஆகவே, தகுதி என்பதில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. பாடம் தெரியவேண்டும். பிள்ளைக்கு எது தெரியவில்லை என்பதும் தெரியவேண்டும்.

வாத்தியார்களில் எத்தனை வகை!

பள்ளிக்கூடத்தில் 11, 12-ம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தும் ஆசிரியர், அந்தப் பாடத்தில் எம்.எஸ்ஸி. பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றிருக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் டியூஷன் நடத்துகிறவரிடம் "என்ன படித்தீர்கள்?" என்று கேட்க எந்த அதிகாரியும் வருவதில்லை. பெற்றோர்தான் கேட்கவேண்டும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்: அனுபவம் உண்டு. பொறுமை உண்டு. ஆனால், தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்கள் 2018, 2019-ம் ஆண்டுகளில் புதிதாக மாறின. புதுப் புத்தகத்தை வைத்து நடத்துகிறாரா, பழைய ஞாபகத்தில் நடத்துகிறாரா என்று பார்க்கவேண்டும்.

வேலை தேடும் பட்டதாரி: அக்கறையாகச் சொல்லிக் கொடுப்பார். எந்தப் பாடத்தில் பட்டம் என்று விசாரிப்பது அவசியம். ஒருவரே கணக்கு, பௌதிகம், ரசாயனம், இங்கிலீஷ் எல்லாம் 12-ம் வகுப்புவரை நடத்துவதாகச் சொன்னால் சற்று யோசிக்கவேண்டும்.

காலேஜ் மாணவர்: சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்றவர். அண்ணன், அக்கா மாதிரி பழகுவார்கள். பிள்ளை கூச்சமில்லாமல் சந்தேகம் கேட்கும். ஆனால், பிள்ளைக்குப் பரீட்சை வரும் சமயத்தில் அவருக்கும் பரீட்சை வந்துவிடும்!

பள்ளிக்கூட ஆசிரியர்: பெற்றோர் முதலில் தேடுவது இவரைத்தான். ஆனால், 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 28-வது பிரிவு இதைத் தடுக்கிறது. ஆசிரியர் எவரும் தனி டியூஷன் நடத்தக்கூடாது என்கிறது சட்டம். காரணம் எளிது. மாலையில் காசுக்கு விற்கவேண்டும் என்றால், காலையில் வகுப்பில் கொஞ்சம் மிச்சம் வைக்கத் தோன்றும். டியூஷனுக்கு வராத ஏழைப் பிள்ளைதான் நஷ்டப்படும்.

24 எங்கே போயிற்று?

நல்ல வாத்தியாரை எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கை அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

3-ஐயும் 4-ஐயும் கூட்டி, வந்ததை அதே எண்ணால் பெருக்கச் சொல்லுகிறது கணக்கு. மாணவி 3-ஐ மூன்றால் பெருக்கினாள், 9. நான்கை நான்கால் பெருக்கினாள், 16. இரண்டையும் கூட்டி 25 என்று எழுதினாள். விடை தப்பு.

ஒரு வாத்தியார் சிவப்பு மையால் அடிக்கிறார். "சூத்திரம் தெரியாதா? பத்துத் தடவை எழுது!" என்கிறார். மாணவி எழுதுகிறாள். அடுத்த வாரம் மறக்கிறாள்.

இன்னொரு வாத்தியார் கேட்கிறார்: "மூணும் நாலும் எத்தனைம்மா?"

"ஏழு, சார்."

"ஏழேழு?"

"நாற்பத்தொன்பது."

"நீ 25 எழுதியிருக்கே. பாக்கி 24 எங்கே போச்சு?"

மாணவி விழிக்கிறாள். வாத்தியார் தரையில் ஒரு சதுரம் போடுகிறார். நீளம் 7 கட்டம், அகலம் 7 கட்டம். நீளத்தை 3, 4 என்று பிரித்து ஒரு கோடு. அகலத்தையும் அப்படியே பிரித்து ஒரு கோடு. இப்போது நான்கு துண்டுகள். ஒரு மூலையில் 9 கட்டம். எதிர் மூலையில் 16 கட்டம். அவள் எண்ணாமல் விட்ட இரண்டு துண்டுகளில் பன்னிரண்டு, பன்னிரண்டு. தொலைந்துபோன 24 அங்கே இருக்கிறது!

இனி அந்தக் கணக்கை அவள் மறப்பாளா?

படிக்காத தாயும் சோதிக்கலாம்!

"எனக்கு எழுத்தே இப்போதுதான் பழக்கம். நான் என்ன சோதிப்பது?" என்று தயங்கும் தாய்மார்கள் உண்டு. தயங்க வேண்டியதில்லை.

டியூஷன் முடிந்த மறுநாள் காலையில் பிள்ளையின் நோட்டை மூடி வைக்கவேண்டும். "நேத்து என்ன கணக்குப் போட்டே? எனக்குச் சொல்லு" என்று கேட்கவேண்டும். பிள்ளை தன் சொந்த வார்த்தையில் விளக்கினால் பாடம் ஏறியிருக்கிறது. "சார் போட்டாரு, நான் எழுதிக்கிட்டேன்" என்றால் நோட்டுதான் நிறைந்திருக்கிறது.

இன்னும் சில விஷயங்கள்:

ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள்? பத்துப் பேர் இருந்தால் ஒவ்வொரு நோட்டையும் பார்க்கலாம். நாற்பது பேர் இருந்தால் அது இன்னொரு பள்ளிக்கூடம்.

தமிழில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழிலேயே விளக்குகிறாரா?

வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டவேண்டாம். முதலில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். பிறகு மாதாமாதம் கட்டலாம். ரசீது வாங்கவேண்டும்.

டியூஷன் நடக்கும் இடம் நாலுபேர் கண்ணில் படும் இடமாக இருக்கவேண்டும். மூடிய அறையில் ஒற்றைப் பிள்ளை கூடாது. போகமாட்டேன் என்று பிள்ளை அழுதால், திட்டாமல் காரணம் கேட்கவேண்டும். தவறு நடந்ததாகத் தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். குழந்தைகளுக்கு உதவுவதற்கென்றே உள்ள எண் அது.

"நூற்றுக்கு நூறு நிச்சயம்" செல்லுமா?

பெரிய பயிற்சி நிலையங்களுக்கு 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வழிகாட்டும் விதிகளை வெளியிட்டது. பட்டம் பெறாதவர் அங்கே பாடம் நடத்தக்கூடாது. மார்க்குக்கு உத்தரவாதம் கொடுக்கக்கூடாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்க்கக்கூடாது. முழுப்பணம் கட்டிய பிள்ளை நடுவில் விலகினால், மீதிப் பணத்தை 10 நாளில் திருப்பித் தரவேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில், பயிற்சி நிலையங்களின் பொய் விளம்பரங்களுக்கு எதிராகவும் விதிகள் வந்தன. ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

ஜனவரி விதிகள் 50 பேருக்கு மேல் படிக்கும் நிலையங்களுக்குத்தான். திண்ணை டியூஷனுக்குக் காவல் பெற்றோரின் கண்தான்!

பணம் இல்லாதவர் என்ன செய்வது?

டியூஷனுக்குப் போகாவிட்டால் பிள்ளை தேறாது என்ற பயம் வேண்டாம். பள்ளிக்கூட ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பது பிள்ளையின் உரிமை. பெற்றோர் ஒருமுறை நேரில் போய், "சார், எங்க பொண்ணு பின்னக் கணக்குல தடுமாறுறா. கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொன்னாலே பலன் உண்டு.

கல்வித் தொலைக்காட்சியை 2019-ல் தமிழ்நாடு அரசாங்கம் தொடங்கியது. கொரோனாவால் பாடம் விட்டுப்போன பிள்ளைகளுக்காக 2021-ல் "இல்லம் தேடிக் கல்வி" வந்தது. ஊரிலே படித்தவர்களே மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அரசாங்கத் திட்டம் இல்லாமலும் இதைச் செய்யலாம். தெருவில் கணக்குப் படித்த பெண் ஒருத்தி இருந்தால், நாலு பிள்ளைகளை மாலையில் ஒரு மணி நேரம் உட்கார வைக்கலாம்.

800 ரூபாயா, 2,000 ரூபாயா?

அந்தக் கணவன் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். சம்பளத்தை வைத்து வாத்தியாரை எடை போட முடியாது. மகளை ஒரு வாரம் அனுப்பி, மறுநாள் காலையில் நோட்டை மூடிக் கேட்டால் தெரிந்துவிடும்.

டியூஷன் வாத்தியாரின் பிழைப்பில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. பிள்ளை தன்னை நம்பியே இருந்தால் அவருக்கு மாதாமாதம் பணம் வரும். பிள்ளை தானாகப் போடக் கற்றுக்கொண்டால் வரும்படி நின்றுவிடும். அப்படி இருந்தும் சில வாத்தியார்கள் ஒரு நாள் தாயைக் கூப்பிட்டுச் சொல்லுகிறார்கள்:

"அம்மா, இனிமே பாப்பா தானே போட்டுக்குவா. அடுத்த மாசத்திலிருந்து அனுப்ப வேண்டாம்."

அவர் 800 ரூபாய் வாங்கினாலும் சரி, 2,000 ரூபாய் வாங்கினாலும் சரி, அவர்தான் நல்ல வாத்தியார்!